ஐந்து மாதம் நீண்ட உட்கட்சிப் போட்டி: 2008 ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி

ஒரு கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான போட்டி மாதக்கணக்கில் நீண்டால், பொதுத்தேர்தலில் அக்கட்சியின் வெற்றி வாய்ப்பு குறையுமா என்பது அமெரிக்க அரசியலில் 1960களிலிருந்தே வாதிடப்பட்டுவரும் கேள்வி. குறையும் என்பதே பரவலான நம்பிக்கை. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளும்போது எதிர்த்தரப்புக்கு வேண்டிய ஆயுதங்கள் செலவில்லாமல் கிடைத்துவிடும், பணம் கரையும், தோற்ற அணியினர் மனக்கசப்போடு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். பராக் ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் இடையே 2008 ஜனவரி 3 முதல் ஜூன் 3 வரை நடந்த போட்டியை வைத்து அந்த நம்பிக்கையைப் பரிசோதிப்பதே இந்த ஆய்வின் நோக்கம். களத்தின் முதன்மையான தலைவர்கள் மட்டுமே பெயர் சுட்டப்படுகின்றனர். கட்சி நிர்வாகிகள், குழு உறுப்பினர்கள், வாக்காளர்கள் ஆகியோர் பெயரின்றியே குறிப்பிடப்படுகின்றனர்.

போட்டி எத்தனை மாதம் நடந்தது என்பதைவிட, அது எந்தெந்த மாநிலங்களுக்குப் போனது, எப்படி முடித்துவைக்கப்பட்டது என்பவையே நவம்பர் பொதுத்தேர்தல் முடிவைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுகின்றன என்பது கீழே வரும் விவரங்களிலிருந்து நான் வந்தடைந்த கருத்து.

பின்னணி: விதிகளும் நாட்காட்டியும்

நம்மூரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடுகிறது. அதிருப்தி இருந்தால் அது பட்டியல் வந்த பிறகே வெளியே தெரிகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் பிரைமரி எனப்படும் வாக்குப்பதிவோ காகஸ் எனப்படும் கூட்டமோ நடத்தி, அதன் முடிவுக்கேற்பத் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புகிறார்கள். பிரதிநிதிகளில் பெரும்பான்மையைப் பெறுபவரே வேட்பாளர். ஆகவே அங்கே அதிருப்தியும் போட்டியும் வாக்காளர்களின் கண்ணெதிரிலேயே நடந்தேறுகின்றன.

2008 இல் இரு கட்சிகளின் விதிகளும் வேறுபட்டிருந்தன. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் விகிதாசாரப்படி பிரதிநிதிகள் கிடைப்பார்கள். குடியரசுக் கட்சியிலோ பல மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே எல்லாமும் போய்விடும். பிப்ரவரி 5 அன்று மிசூரி மாநிலத்தில் நடந்தது இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் ஏறத்தாழ 33 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்று அம்மாநிலத்தின் 58 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டார். அதே நாளில் அதே மாநிலத்தில் ஒபாமா கிளின்டனைவிடச் சற்றே கூடுதல் வாக்குகள் பெற்றும், பிரதிநிதிகள் ஆளுக்கு 36 என்று சரிபாதியாகப் பிரிந்தனர். மிசூரியில் நடந்ததை நாடெங்கும் விரித்துப் பார்த்தால், ஒரு கட்சி மார்ச் 4 அன்றே வேட்பாளரைக் கண்டுகொண்டதற்கும் மற்றது ஜூன் வரை அல்லாடியதற்கும் காரணம் புரிந்துவிடும். போட்டி நீண்டதில் இருவரின் பிடிவாதத்துக்கு ஒரு பங்கு உண்டு என்றாலும், பெரும் பங்கு கணக்கு முறைக்கே உரியது.

இதற்கு மேல் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, மொத்தப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் சூப்பர் டெலிகேட்டுகள். நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகிய இவர்கள் எந்த மாநில முடிவுக்கும் கட்டுப்படாமல், விரும்பியவருக்கு வாக்களிக்க அன்று இடமிருந்தது. எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். இரண்டாவது, ஃபுளோரிடாவும் மிச்சிகனும் தேசியக் கட்சியின் நாட்காட்டியை மீறித் தங்கள் வாக்குப்பதிவை ஜனவரிக்கே கொண்டுவந்தன. அதற்குத் தண்டனையாக 2007 இலேயே இவ்விரு மாநிலங்களின் எல்லாப் பிரதிநிதிகளையும் ஜனநாயகக் கட்சி செல்லாதவர்களாக்கியது. வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று உறுதியளித்தனர். மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தம் பெயரையே நீக்கிக்கொண்டார். அதே மீறலுக்குக் குடியரசுக் கட்சி தொடக்கத்திலேயே பாதிப் பிரதிநிதிகளை மட்டும் வெட்டியது. போட்டி சீக்கிரம் முடிந்துவிடும், அதன்பின் இந்த மாநிலங்களைப் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஜனநாயகக் கட்சி கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குதான் தப்பியது.

ஜனவரி முதல் மார்ச் 4 வரை

ஐயோவா காகஸில் ஒபாமா முதலிடம் பெற்றார். கிளின்டன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் கிளின்டன் வென்று மீண்டார். பிப்ரவரி 5 அன்று 22 மாநிலங்களில் ஒரே நாளில் நடந்த வாக்குப்பதிவு போட்டியை முடித்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இருவரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகளைப் பெற்றனர். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்குக் கிளின்டன் தரப்பிடம் போதிய ஆயத்தம் இல்லை. அம்மாதத்தின் எஞ்சிய நாட்களில் நடந்த பதினொரு போட்டிகளிலும் ஒபாமா அடுத்தடுத்து வென்று, நூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் முன்னிலையில் இருந்தார். விகிதாசார முறையில் அந்த இடைவெளியைக் குறைப்பது மிகக் கடினம்.

இருந்தும் மார்ச் 4 அன்று ஒஹையோவிலும் டெக்சஸ் வாக்குப்பதிவிலும் கிளின்டன் வென்றார். டெக்சஸில் பகலில் வாக்களித்தவர்கள் இரவில் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து காகஸில் கையெழுத்திட வேண்டும் என்ற இரட்டை முறை இருந்தது. பள்ளி அரங்குகளிலும் வாக்குச்சாவடி வாசல்களிலும் கூட்டம் தள்ளுமுள்ளுவாக நின்று, முதல்முறை இப்படியொரு கூட்டத்தைப் பார்த்த உள்ளூர்க் கட்சிக்காரர்கள் விதிகளை அந்த இடத்திலேயே படித்துப் படித்து நடத்த வேண்டியதாயிற்று. காகஸையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வாக்குப்பதிவில் தோற்ற ஒபாமாவுக்கே டெக்சஸில் அதிகப் பிரதிநிதிகள் கிடைத்தனர். வென்றவர் யார் என்று இரு தரப்பும் தத்தமக்கு வசதியாகச் சொல்லிக்கொள்ள இது இடம் கொடுத்தது.

மார்ச், ஏப்ரல்: அச்சம் உச்சத்தில் இருந்த வாரங்கள்

அடுத்த பெரிய வாக்குப்பதிவான பென்சில்வேனியாவுக்கு ஏப்ரல் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்தல் இல்லாத அந்த ஆறு வாரங்களில்தான் கட்சிக்கு அதிகச் சேதம் நேர்ந்தது. ஒபாமாவின் தேவாலயப் போதகருடைய பழைய உரைகளின் காணொளிகள் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஒளிபரப்பாயின. மார்ச் 18 அன்று பிலடெல்ஃபியாவில் இனம் குறித்து நீண்ட உரையொன்றை ஆற்றி அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சிறுநகரத்து மக்கள் மனக்கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் நிதி திரட்டும் கூட்டமொன்றில் அவர் பேசியது ஏப்ரலில் வெளியானது. போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே விமானத்திலிருந்து இறங்கியதாகக் கிளின்டன் சொல்லிவந்ததை, அந்த நாளின் ஒளிப்பதிவே பொய்யாக்கியது. நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு வெள்ளை மாளிகைத் தொலைபேசி ஒலித்தால் யார் எடுக்க வேண்டும் என்று கேட்டு மார்ச் 4 க்குச் சற்று முன்பே வெளியான கிளின்டனின் விளம்பரம், ஒபாமாவின் தகுதியையே கேள்விக்குள்ளாக்கியது. கொள்கையில் இருவருக்கும் வேறுபாடு குறைவு என்பதாலேயே சண்டை ஆளைப் பற்றியதாக மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. இராக் போருக்கு ஆதரவாகக் கிளின்டன் 2002 இல் செனட்டில் அளித்த வாக்கையும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதையும் விட்டால், கருத்து மோதலுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

மார்ச் இறுதியில் வெளியான கேலப் கருத்துக்கணிப்பில், ஒபாமா வேட்பாளரானால் மெக்கெய்னுக்கே வாக்களிப்போம் என்று கிளின்டன் ஆதரவாளர்களில் 28 சதவீதத்தினர் சொன்னார்கள். கிளின்டன் வேட்பாளரானால் அப்படிச் செய்வோம் என்ற ஒபாமா ஆதரவாளர்கள் 19 சதவீதம். கட்சியின் மூத்தவர்கள் பதறியதில் வியப்பில்லை. செனட்டர் ஒருவர் கிளின்டன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

அவர்கள் நினைவில் இருந்தது 1980. அன்றைய குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி ஆகஸ்ட் மாத மாநாடு வரை போராடினார். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரானல்ட் ரேகன் 489 தேர்தல் அவை வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைக்கும், வெற்றியைத் தீர்மானிக்கும் வாக்குகள்) பெற, கார்ட்டருக்கு 49 தான் மிஞ்சியது. ஆனால் அந்த எடுத்துக்காட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். பணவீக்கத்தாலும் டெஹ்ரானில் அமெரிக்கப் பிணைக்கைதிகள் மீட்கப்படாததாலும் கார்ட்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தார். பதவியில் இருப்பவர் வலுவாக இருந்தால் சொந்தக் கட்சியில் யாரும் எதிர்த்து நிற்கத் துணிவதில்லை. தோற்கக்கூடியவருக்கே சவால் எழுகிறது. பிறகு அவர் தோற்கும்போது பழி சவாலின் மேல் விழுகிறது. தற்செயலாகவோ என்னவோ, 1980 இல் கடைசி வரை விட்டுக்கொடுக்காத அதே கென்னடி 2008 ஜனவரியில் ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்திருந்தார்.

இந்த வாரங்களில் எடுக்கப்பட்ட முக்கிய முடிவு, தலையிடாமல் இருப்பது. சூப்பர் டெலிகேட்டுகள் ஒன்றுகூடி உடனே போட்டியை முடித்திருக்கலாம். கட்சித் தலைவர் ஹோவர்ட் டீன் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எல்லா மாநிலங்களும் வாக்களித்து முடித்ததும், கோடை மாநாடு வரை இழுக்காமல் அவர்கள் தங்கள் நிலையை அறிவிக்க வேண்டும் என்பதையே வலியுறுத்திவந்தார். வாக்காளர்கள் தந்த முன்னிலையைத் தலைவர்கள் புரட்டக் கூடாது என்று நாடாளுமன்றக் கீழவைத் தலைவரும் சொன்னார். பதற்றத்தில் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய மாற்று முடிவை நினைத்துப் பார்த்தால், இந்தப் பொறுமையின் மதிப்பு தெரியும். மார்ச்சில் மேலிருந்து முடித்துவைத்திருந்தால், இன்னும் வாக்களிக்காத மாநிலங்களின் கட்சிக்காரர்களுக்கும், தோற்கடிக்கப்படாமலேயே வெளியேற்றப்பட்ட அணிக்கும் ஆறாத குறையொன்று இருந்திருக்கும்.

மே 6: இண்டியானா

இந்த நிகழ்வில் நின்று பார்க்க வேண்டிய இடம் இண்டியானா. 1964 க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் எந்தக் குடியரசுத் தலைவர் வேட்பாளரும் அங்கே வென்றதில்லை. 2004 இல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 20 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றிருந்தார். எனவே பொதுத்தேர்தலில் எந்தத் தரப்பும் அங்கே பணமோ ஆளோ செலவழிப்பதில்லை. பிரைமரியும் மே மாதம் என்பதால், அதற்குள் வேட்பாளர் முடிவாகிவிட்டிருப்பார். 1968 க்குப் பிறகு இண்டியானாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்குக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வில் பொருட்படுத்தத்தக்க வாய்ப்பே கிடைத்ததில்லை என்று சொல்லலாம்.

2008 இல் போட்டி முடியாததால் இரு அணிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அலுவலகங்கள் திறக்கப்பட்டன, தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தனர், யார் எந்தப் பக்கம், யாருக்கு வாகன வசதி வேண்டும், யார் பணிக்கு வரத் தயார் என்பன போன்ற விவரங்கள் பட்டியலில் ஏறின. கோடைகாலத்தில் பெட்ரோல் மீதான காலனுக்கு 18.4 சென்ட் கூட்டரசு வரியை நிறுத்திவைக்கலாம் என்று கிளின்டன் சொல்ல, அது வெறும் தேர்தல் தந்திரம் என்று ஒபாமா மறுத்தார். இப்படி ஒரு வழியாக மக்களின் அன்றாடச் செலவைப் பற்றிய வாதம் ஒன்று நடந்தது.

வாக்குப்பதிவுக்கு எட்டு நாட்களுக்கு முன்புதான், வாக்காளர்கள் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்ற இண்டியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. மே 6 அன்று சவுத் பெண்ட் நகரில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து வாக்களிக்க வந்த எண்பது, தொண்ணூறு வயதுக் கன்னியாஸ்திரிகள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர், உரிய அட்டை இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அனுப்பியவர் வாக்குச்சாவடிப் பணியில் இருந்த அதே சபையின் கன்னியாஸ்திரி. அவர்களை நன்றாகத் தெரிந்திருந்தும் சட்டப்படி அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. வாகனம் ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்ட முதியவர்களிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்காது என்பது சட்டப் புத்தகத்தில் தெரிவதைவிட வாக்குச்சாவடி வாசலில் தெளிவாகத் தெரிந்தது. போட்டியுள்ள பிரைமரி ஒன்று நவம்பருக்கு ஒத்திகையாக அமைவது இப்படித்தான். எந்தப் பகுதியில் வாக்குப்பெட்டி தாமதமாகும், எந்த அலுவலர் எந்த விதியை எப்படிப் படிக்கிறார், யாருக்கு எந்த ஆவணம் இல்லை என்பவற்றை ஆறு மாதம் முன்னதாகவே அறிந்துகொள்ளும் வாய்ப்பு இரு அணிகளின் களப்பணியாளர்களுக்கும் கிடைத்தது.

12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களித்தனர். கேரி நகரை உள்ளடக்கிய லேக் கவுன்டியின் எண்ணிக்கை நள்ளிரவு வரை வராமல், முடிவு தெரியாமலே நாடு காத்திருந்தது. கடைசியில் கிளின்டன் சுமார் 14,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில் வட கரோலைனாவில் ஒபாமா ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்ததால், அன்றிரவே தொலைக்காட்சி விமர்சகர்கள் போட்டி முடிந்துவிட்டது என்று அறிவித்தனர்.

பென்சில்வேனியாவிலும் இதே போக்கைக் காணலாம். ஏப்ரல் வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் அம்மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களாகப் பதிவு செய்தோர் எண்ணிக்கை முதல்முறையாக 40 லட்சத்தைத் தாண்டியது. கிளின்டன் அங்கே 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றும், பிரதிநிதிகள் கணக்கில் அவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. நவம்பரில் அந்தப் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஒபாமாவுக்குப் பயன்பட்டது.

மே 31: விதிக் குழுவின் கூட்டம்

மேற்கு வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் கிளின்டன் மே மாதம் மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றார். ஆனால் எஞ்சியிருந்த உண்மையான கேள்வி ஃபுளோரிடாவும் மிச்சிகனும். அவற்றை முழுமையாகச் சேர்த்தால் வெற்றிக்குத் தேவையான எண்ணிக்கையே மாறிவிடும்; சேர்க்காவிட்டால் நவம்பரில் வெல்ல வேண்டிய இரு பெரிய மாநிலங்களின் வாக்காளர்கள் அவமதிக்கப்பட்டதாக உணர்வார்கள்.

வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் கூடிய கட்சியின் விதிக் குழு, நாள் முழுதும் வாதங்களைக் கேட்டது. மதிய உணவு இடைவேளை என்ற பெயரில் உறுப்பினர்கள் மணிக்கணக்கில் மூடிய அறைக்குள் பேசினார்கள். பார்வையாளர் பகுதியில் இருந்த கிளின்டன் ஆதரவாளர்கள், மாநாடு நடக்கவிருந்த டென்வரின் பெயரைச் சொல்லி முழங்கினர்; சண்டையை அங்கே கொண்டுபோவோம் என்பது அதன் பொருள். முடிவில் இரு மாநிலங்களின் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு தரப்பட்டது. ஃபுளோரிடா குறித்த தீர்மானத்தை ஒருவரும் எதிர்க்கவில்லை. ஒபாமாவின் பெயரே இல்லாத வாக்குச்சீட்டிலிருந்து அவருக்கும் பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுத்த மிச்சிகன் தீர்மானம் 19-8 என்று நிறைவேறியது. மாநாட்டில் முறையிடும் உரிமையைக் கிளின்டன் விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர் தரப்பு உறுப்பினர் ஒருவர் கோபத்தோடு பதிவு செய்தார். தேவையான பெரும்பான்மை 2,025 இலிருந்து 2,118 ஆக உயர்ந்தது.

மிச்சிகன் தீர்மானத்துக்குத் தர்க்கரீதியான அடிப்படை வலுவாக இல்லை என்பதைக் கிளின்டன் தரப்பு சொன்னபோது அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தக் குழுவில் கிளின்டன் ஆதரவாளர்களே எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும், அவர்களில் சிலர் உட்படப் பெரும்பான்மையினர் அதை ஏற்றனர். பாதித் தண்டனை என்ற முடிவுக்குக் குடியரசுக் கட்சி பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தோற்றவர் விலகிய விதம்

ஜூன் 3 அன்று மொன்டானாவும் தென் டகோட்டாவும் வாக்களித்தன. அன்றே ஒபாமா பெரும்பான்மையைத் தாண்டினார். கிளின்டன் அன்றிரவு விலகவில்லை. இது பலருக்கு எரிச்சலூட்டியது. இரண்டு நாள் கழித்து, செனட்டர் ஒருவரின் வாஷிங்டன் வீட்டில் இருவரும் உதவியாளர்கள் யாருமின்றித் தனியே சந்தித்துப் பேசினர். ஒபாமாவின் விமானத்தில் ஏறிய செய்தியாளர்கள், அது கிளம்பிய பிறகே அவர் அதில் இல்லை என்பதை அறிந்தார்கள். ஜூன் 7 அன்று கிளின்டன் தம் ஆதரவாளர்களைத் திரட்டி, ஒபாமாவுக்கு முழு ஆதரவு கேட்டார்.

அடுத்து வந்த வாரங்களில் இரு தரப்பும் செய்தவை சிறியனவாகத் தோன்றலாம். கிளின்டனின் பிரசாரத்துக்கு 2 கோடி டாலருக்கும் மேல் கடன் இருந்தது. அதில் 1 கோடி டாலருக்கும் மேல் அவர் சொந்தமாகக் கொடுத்தது. அவருடைய நன்கொடையாளர்களை நேரில் சந்தித்த ஒபாமா, கடனை அடைக்கத் தம் பங்காகச் சட்டம் அனுமதித்த உச்சத் தொகையான 2,300 டாலருக்குக் காசோலை எழுதினார். தொகையைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதே முக்கியம். மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் முதல்முறையாக ஒரே மேடையில் தோன்றினர். ஜனவரியில் அந்த ஊரில் இருவருக்கும் விழுந்த வாக்குகள் ஆளுக்குச் சரியாக 107.

ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் கிளின்டனின் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டு, மாநிலவாரியாக வாக்குகள் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே, நியூயார்க் பிரதிநிதிகளிடையே நின்று வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க அவரே முன்மொழிந்தார். அவருடைய ஆதரவாளர்களுக்கு எண்ணப்படும் உரிமை கிடைத்தது. கட்சிக்கு ஒருமனதான முடிவும் கிடைத்தது.

நவம்பர் முடிவும் அதைப் படிக்கும் விதமும்

நவம்பர் 4 அன்று ஒபாமா 52.9 சதவீத வாக்குகளும் 365 தேர்தல் அவை வாக்குகளும் பெற்றார், மெக்கெய்னுக்கு 45.7 சதவீதமும் 173 உம். இண்டியானாவில் சுமார் 28,000 வாக்கு வித்தியாசத்திலும் வட கரோலைனாவில் சுமார் 14,000 வாக்கு வித்தியாசத்திலும் ஒபாமா வென்றார். வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கருத்துக்கணிப்பின்படி, கிளின்டனை விரும்பிய ஜனநாயகக் கட்சியினரில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பேர் ஒபாமாவுக்கே வாக்களித்தார்கள். மார்ச்சில் 28 சதவீதம் என்று பயமுறுத்திய எண் நவம்பரில் 16 சதவீத அளவுக்குக் குறைந்தது.

இதை வைத்து நீண்ட போட்டி வெற்றியைத் தந்தது என்று எழுதிவிட முடியாது. அப்போதைய குடியரசுத் தலைவர் புஷ்ஷின் மீதான மக்கள் ஆதரவு 30 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அந்தச் சூழலில் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் வென்றிருக்க வாய்ப்பு அதிகம். இண்டியானா, வட கரோலைனா இரண்டையும் கழித்தால்கூட ஒபாமாவுக்கு 339 தேர்தல் அவை வாக்குகள் இருந்திருக்கும், 270 போதும். எனவே நீண்ட போட்டியின் பயன் ஓரத்தில்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஓரத்தில் அது ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது: 44 ஆண்டுகளாக எட்டாத மாநிலம் ஒன்றில், மே மாதத்திலேயே அமைப்பும் பட்டியலும் ஆட்களும் தயாராகிவிட்டிருந்தார்கள். மெக்கெய்னுக்கோ மார்ச் முதல் ஜூன் வரை எதிரியில்லாத மூன்று மாதங்கள் கிடைத்தும், அவற்றால் குறிப்பிடத்தக்க ஆதாயம் ஏதுமில்லை. செய்திகள் முழுவதும் மறுதரப்பிலேயே இருந்ததால் அவர் பேசுவதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. ஜூலை தொடக்கத்தில் தம் பிரசார நிர்வாகத்தையே மாற்றியமைத்தார்.

சேதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆர்கன்சாவில் ஒபாமா 2004 இன் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியைவிடக் குறைவாகவே வாக்குப் பெற்றார். ஆனால் கிளின்டனின் பழைய மாநிலமான ஆர்கன்சா வாக்களித்தது பிப்ரவரி 5 அன்று. அங்கே கசப்பு இருந்ததென்றால் அதற்கு மே, ஜூன் மாதங்களைக் காரணம் சொல்ல இடமில்லை. கட்சி மாறி வாக்களித்தோரின் விகிதத்தை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. 2016 உட்கட்சிப் போட்டியில் கிளின்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸை ஆதரித்தவர்களில், குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு வாக்களித்தோர் பெரிய கல்வித்துறை ஆய்வொன்றின்படி சுமார் 12 சதவீதம். 2008 இல் மெக்கெய்னுக்குப் போன கிளின்டன் ஆதரவாளர்களைவிடக் குறைவுதான். ஆனால் 2016 முடிவு மூன்று மாநிலங்களில் 80,000 க்கும் குறைவான வாக்குகளில் தீர்மானமானதால், அந்த 12 சதவீதம் கட்சிக்கு உயிர்நிலைக் கணக்காகிவிட்டது.

எவை மாறியிருக்க வேண்டும், எவை மாறின

ஃபுளோரிடா, மிச்சிகன் தண்டனையை ஆட்டம் தொடங்கும் முன்பே இறுதியாக்கியிருக்க வேண்டும். நிறைவேற்ற மனமில்லாத தண்டனையை அறிவித்ததால், விதி எது என்பதே கடைசி மாதத்தில் போட்டிக்குரிய பொருளாகிவிட்டது. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே ஆறு வாரம் காலியாக விட்ட நாட்காட்டியும் தவறு. வாக்குப்பதிவு அடுத்தடுத்து இருந்தபோது செய்தியாக இருந்தது மாநிலங்களின் பிரச்சினைகள். அது இல்லாத வாரங்களில் செய்தியாக இருந்தது போதகரின் காணொளி.

சூப்பர் டெலிகேட்டுகளின் அதிகாரம் 2008 இலேயே உறுத்தியும், 2016 இல் மீண்டும் கசப்பைக் கிளப்பிய பிறகே, 2018 இல் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் போட்டியிருக்கும்போது அவர்கள் வாக்களிக்கக் கூடாது என்று கட்சி மாற்றியது.

குடியரசுக் கட்சியும் 2008 ஐக் கூர்ந்து பார்த்திருந்தது. நீண்ட போட்டி வேட்பாளரை வலுப்படுத்தும் என்ற எண்ணம் அக்கட்சியில் வலுத்து, 2012 இல் ஏப்ரலுக்கு முன் வாக்களிக்கும் மாநிலங்கள் பிரதிநிதிகளை விகிதாசாரப்படி பிரிக்க வேண்டும் என்று விதி செய்தது. விளைவாக அக்கட்சியின் வேட்பாளரான மிட் ராம்னி மே இறுதியில்தான் பெரும்பான்மையை எட்டினார். இடையில் அவருடைய முதலீட்டுத் தொழிலைச் சொந்தக் கட்சிப் போட்டியாளர்களே ஆட்குறைப்புத் தொழில் என்று தாக்க, கோடையில் அதே வாதத்தை ஒபாமா தரப்பு ஒஹையோவின் தொலைக்காட்சிகளில் விளம்பரமாக்கியது. பிரைமரிக்கான பணம் தீர்ந்து, பொதுத்தேர்தலுக்கான பணத்தை மாநாடு வரை தொட முடியாத நிலையில் ராம்னி 2 கோடி டாலர் கடன் வாங்கினார். தோல்விக்குப் பின் அக்கட்சி 2016 க்கான நாட்காட்டியைச் சுருக்கி, மாநாட்டை ஆகஸ்டிலிருந்து ஜூலைக்குக் கொண்டுவந்தது. இரு முறையும் அது மாற்றியமைத்தது போட்டியின் நீளத்தை மட்டுமே.